ஆதி குணசேகரன் எங்கே வேலை பார்க்கிறார்?

நாடுகாணியிலிருந்து தேவாலா, பந்தலூர் வரைக்கும் இரவு ஒன்பதரை மணிக்கு எந்தத் தேயிலைத் தோட்ட லைன் வீட்டைத் தாண்டி நடந்தாலும் ஒரே ஆளின் அதட்டல் கேட்டுக்கொண்டிருந்த காலம் உண்டு. சன் டிவியில் 2022 பிப்ரவரியில் தொடங்கி 2024 ஜூன் வரை ஓடிய ‘எதிர்நீச்சல்’ தொடரின் காலம் அது. ஆதி குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்து “ஏய், இந்தாம்மா” என்று ஆரம்பித்தால் இங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவர்கள்கூடக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். 2023 செப்டம்பர் 8ஆம் தேதி, அதே தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து அவர் இறந்துபோனார். தினமும் அவரைத் திட்டித் தீர்த்த அக்காமார் அன்றைக்கு அழுதார்கள். அப்படி ஒரு நடிப்பு. அவரைப் போன்ற ஓர் ஆளை எங்கேயாவது பார்க்காத பெண் தமிழ்நாட்டில் இருக்க மாட்டாள் என்பதுதான் அந்த நடிப்பின் பலம்.

“இந்த ஆளு வேலைக்கே போக மாட்டானா?” என்று ஒருநாள் என் சித்தி கேட்டார். முப்பது வருடம் கொழுந்து பறித்த கை அவருடையது. அந்தக் கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. குணசேகரன் பெரிய தொழிலதிபர், ஊருக்குப் பஞ்சாயத்து சொல்கிறவர் என்பதெல்லாம் வசனத்தில் வரும். ஆனால் அவருடைய தொழில் பேச்சில் வருகிற அளவுக்குக் காட்சியில் வராது. கூடத்துச் சோபாவில் உட்கார்ந்திருப்பார், போனில் மிரட்டுவார், தம்பிகள் இருவர் பக்கத்தில் விறைப்பாக நிற்பார்கள். அந்த வீட்டில் யார் உழைக்கிறார்கள் என்று பார்த்தால் ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா, ஜனனி என்று நான்கு மருமகள்கள். நன்றாகப் படித்த பெண்களாகத் தேடிப்பிடித்துக் கட்டிவந்து அடுப்படியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஆக அவருடைய ஆம்பளைத்தனம் உழைப்பிலிருந்து வரவில்லை. தன் சொல்லை வீட்டில் யாரும் தட்டக்கூடாது என்பதிலிருந்து வருகிறது. நந்தினி சமைத்து விற்கலாம் என்று பார்த்தாலோ, ரேணுகா நடனம் சொல்லிக்கொடுக்கப் போனாலோ, அந்த ஆம்பளைத்தனம் ஆட்டம் கண்டுவிடும். பத்து ரூபாயை அவள் சொந்தமாகச் சம்பாதித்தால் இவருக்குப் பணத்தில் ஒன்றும் குறையப்போவதில்லை. குறையப்போவது வேறு. அதைத்தான் அந்தத் தொடர் எழுநூறு பகுதிகளுக்கு மேல் சலிக்காமல் காட்டியது.

இதை எடுத்தவர் திருச்செல்வம். அவர்தான் அதற்கு முன்னால் ‘கோலங்கள்’ எடுத்தவர். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

‘கோலங்கள்’ 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்தது. ஆயிரத்து ஐந்நூறு பகுதிகளுக்கு மேல். பாதி ஓடிக்கொண்டிருந்தபோதுதான், 2006இல், அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வர ஆரம்பித்தது. அதுவரை ஒரு லைனில் ஒரு வீட்டில் டிவி இருந்தால் அங்கேதான் எல்லோரும் கூடுவார்கள். அப்புறம் வீட்டுக்கு வீடு தேவயானி வந்துவிட்டார். அவர் நடித்த அபி, கட்டுமானத் தொழிலில் இருப்பவள். சைட்டுக்குப் போவாள், வரைபடத்தை மேசையில் விரித்துப் பேசுவாள், டெண்டர் போடுவாள், வங்கியில் கடன் கேட்பாள், ஆண்கள் நின்றுகொண்டிருக்க உட்கார்ந்து கையெழுத்துப் போடுவாள். எங்கள் அம்மா வயதுப் பெண்கள் அவள் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். எஸ்டேட்டில் ஆபீஸ் மேசைக்கு எதிரே பெண்கள் நிற்பதுதான் வழக்கம். உட்காரும் நாற்காலி அவர்களுக்குப் போடப்பட்டதே இல்லை. அபி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவது சாதாரணக் காட்சி. இங்கே அது சாதாரணமாகப் பார்க்கப்படவில்லை.

அந்தத் தொடரில் மூன்று ஆண்கள். கணவன் பாஸ்கர்: மனைவியின் சம்பாத்தியமும் சாமர்த்தியமும் தனக்கு வந்து சேர வேண்டிய சொத்து என்று நினைப்பவன். எதிரி ஆதி: பணமும் கம்பெனியும் ஆட்களும் இருந்தும் ஒரு பெண்ணிடம் தொழிலில் தோற்பதைத் தாங்க முடியாதவன். மூன்றாவது தொல்காப்பியன், அந்த வேடத்தில் இயக்குநரே நடித்தார். இந்தத் தொல்காப்பியன்தான் எனக்கு இன்றைக்கும் முக்கியமான ஆள். அபியின் பக்கத்தில் நின்று வேலை செய்வான். அவள் முடிவெடுத்தால் அதை மதிப்பான், மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லிவிட்டு விட்டுவிடுவான், அவள் ஜெயித்தால் தன்னுடைய ஆண்மைக்கு என்ன ஆச்சு என்று தடவிப் பார்த்துக்கொள்ள மாட்டான். தமிழ் டிவியில் ஒரு பெண்ணுக்குச் சக ஊழியனாக இருக்கத் தெரிந்த ஆணை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் அதிகம் பார்க்கவில்லை.

ஆனால் கவனியுங்கள், அவன் நண்பன். கணவன் இல்லை, அண்ணன் தம்பி இல்லை. அவளை மதிக்கிற ஆணைக் குடும்பத்துக்கு வெளியேதான் வைக்க முடிந்தது. அப்படி வெளியே இருந்ததாலேயே அந்த நட்பைப் பற்றி ஊர் பேசும் பேச்சு கதைக்கு எரிபொருள் ஆனது. குடும்பத்துக்கு உள்ளேயே ஒரு தொல்காப்பியனை, சம்பளக் கவரை மனைவியின் கையிலேயே விட்டுவிட்டு அவளுடைய வேலையைப் பற்றி அக்கறையாக நாலு வார்த்தை கேட்கிற ஒரு கணவனை, முழு நீளத்துக்கு வைக்க அன்றைக்குத் துணிச்சல் வரவில்லை என்றே நான் நினைக்கிறேன். 1974இல் பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’ படத்தின் கவிதாவும் குடும்பத்தையே தோளில் சுமந்தாள், வீட்டு ஆண்கள் உதவவில்லை. முப்பது வருடம் கழித்து அபிக்கும் அதே நிலைமைதான்.

பிறகு பன்னிரண்டு வருடத்தில் அதே இயக்குநர் கட்டுமான சைட்டிலிருந்து வீட்டுக் கூடத்துக்குத் திரும்பினார். அபி வெளியே போய்விட்டவள், ஜனனியும் நந்தினியும் வாசற்படியைத் தாண்டவே வருடக்கணக்கில் போராடுகிறவர்கள். இது பின்னோக்கிப் போனது என்று சொன்னவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பெண்களைத் தடுக்கும் முதல் கேட் ஆபீஸில் இல்லை, வீட்டிலேயே இருக்கிறது என்று ‘கோலங்கள்’ சொல்லாமல் விட்டதை ‘எதிர்நீச்சல்’ சொன்னது. அதில் எனக்குக் குறையில்லை. என் குறை வேறு: அந்தப் பெண்கள் வாசலைத் தாண்டியதும் கதை அவர்களோடு வேலைக்குப் போவதில்லை. தொழில் தொடங்கினாளா, குணசேகரன் முகத்தில் கரி பூசினாளா, அவ்வளவுதான். வேலை என்பது புருஷனுக்கும் அவன் அண்ணனுக்கும் எதிரான ஒரு வெற்றி அறிவிப்பாக மட்டும் வருகிறது. விஜய் டிவியின் ‘பாக்கியலட்சுமி’யும் இதே வழிதான், பாக்கியாவின் மசாலாவும் கேன்டீனும் கடைசியில் கோபி என்ன நினைக்கிறான் என்பதைச் சுற்றியே வரும். பெயரிலேயே அலுவலகத்தை வைத்துக்கொண்ட ‘ஆபீஸ்’ என்று ஒரு தொடர் 2013இல் அதே சேனலில் வந்தது. ஐடி கம்பெனி, இளைஞர்கள், காதல். வேலை அதற்குப் பின்னால் ஒரு திரைச்சீலையாகத் தொங்கியது.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இந்தக் கதைகளில் ஓர் இடம் காலியாகவே இருக்கிறது. இங்கே பெண் வேலைக்குப் போகலாமா என்ற கேள்வியே கிடையாது. நாலு தலைமுறையாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களுக்காகத்தான் 1968இல் வனத்துறை கூடலூர், பந்தலூர் பக்கமெல்லாம் தேயிலை போட ஆரம்பித்தது. 1976இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், எங்கள் வாயில் டான்டீ. கண்டியிலும் ஹட்டனிலும் கூடையைத் தலையில் மாட்டிய பெண்கள் இங்கே வந்தும் மாட்டினார்கள். வேலைக்குப் போகும் பெண் புரட்சி என்றால் எங்கள் ஆச்சிமார்கள் எல்லோரும் புரட்சிக்காரிகள்தான்.

ஆனால் என்ன வேலை? யார் மேலே? அதுதான் கேள்வி. கொழுந்து பறிப்பது பெண்கள். கவாத்து, மருந்தடிப்பு, பேக்டரி, டிரைவர், மேஸ்திரி, ரைட்டர், சூப்பர்வைசர், இதெல்லாம் பெரும்பாலும் ஆண்கள். பெண்ணின் விரல்தான் மென்மை, கொழுந்துக்கு அதுதான் தோது என்று காரணம் சொல்வார்கள். எனக்கு அந்தக் காரணத்தில் நம்பிக்கை இல்லை. இப்போது இயந்திரம் வைத்துப் பறிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நான் பார்த்த இடங்களில் மோட்டாரைப் பிடிப்பவர் ஆண், பின்னால் சாக்கைத் தூக்கிக்கொண்டும் சிதறியதைப் பொறுக்கிக்கொண்டும் வருபவர் பெண். மென்மையான விரல் என்ற பேச்சு அந்த இடத்தில் காணாமல் போய்விட்டது.

எடை போடும் நேரத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். பகல் வெயிலோ மழையோ, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் புகையிலையைத் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். தராசின் பக்கத்தில் ஓர் ஆண், நோட்டோடு இன்னோர் ஆண். சாக்கு தராசில் ஏறும். முள் நிற்பதற்குள் ஓர் எண் சொல்லப்படும். ஈர இலை என்று கொஞ்சம் கழிவு, சாக்குக்கு என்று கொஞ்சம் கழிவு. தன் சாக்கில் எத்தனை கிலோ இருக்கும் என்பது தலையில் தூக்கிவந்த பெண்ணுக்குத் தெரியும். அவள் ஒன்றும் கேட்க மாட்டாள். கேட்டால் நாளைக்கு எந்த மலையில், எந்தச் சரிவில் நிரை கிடைக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒருமுறை ஓர் அக்கா, “அண்ணே, முள்ளு நிக்கட்டும்” என்று மட்டும் சொன்னார். கோபம் இல்லாத குரல். வரிசை முழுக்கப் பேச்சு நின்றுவிட்டது. நோட்டு வைத்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். முள் நின்றது. இரண்டு கிலோ கூட வந்தது.

இந்த ஒரு நிமிடத்தில் இருக்கும் நாடகம், அதில் இருக்கும் ஆண், பெண், கூலி, பயம், மரியாதை எல்லாம் எந்தச் சீரியலிலும் வந்ததில்லை. அமெரிக்காவில் ‘மேட் மென்’ என்று ஒரு தொடர், 2007இலிருந்து 2015 வரை. 1960களின் நியூயார்க் விளம்பர நிறுவனத்தில் நடக்கும் கதை. செக்ரட்டரியாக வந்து விளம்பரம் எழுதுபவளாக உயரும் பெகி, தன் மேலதிகாரி டான் டிரேப்பரிடம் சம்பள உயர்வு கேட்கும் இடம் ஒன்று வரும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்று சட்டமே வந்துவிட்டதே என்று சொல்லிப் பார்ப்பாள். அவன் தர மாட்டான். அங்கே அந்தச் சட்டம் 1963இல் வந்தது. நம் நாட்டில் சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது, டான்டீ பிறந்த அதே வருடம். இலங்கைத் தோட்டங்களில் பெண்ணுக்கும் ஆணுக்கும் நாள்கூலி சமமானது 1984இல்தான். அதாவது எங்கள் ஆச்சிகள் கப்பலேறும்வரை ஆணைவிடக் குறைந்த கூலிக்குப் பறித்தவர்கள். அந்தக் கூலியையும் புருஷன் போய் வாங்கிவருவது அங்கே நெடுங்காலம் நடந்த வழக்கம். அந்த நியூயார்க் ஆபீஸ் காட்சியை எழுதத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். கூலி நாளில் ஆபீஸ் வாசலில் புருஷன் கையை நீட்டுவதையும், பறித்தவள் பத்தடி தள்ளி நிற்பதையும் எழுத இங்கே யாரும் வரவில்லை.

வேலைத்தளத்தில் ஆணும் பெண்ணும் மோதிய பெரிய நாடகம் ஒன்றை நான் டிவியில் பார்த்திருக்கிறேன், அது சீரியல் கிடையாது. 2015 செப்டம்பர், மூணாறு. கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பெனி போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததும், பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். பொம்பிளை ஒருமை என்று அந்தப் போராட்டத்துக்குப் பெயர். நாடுகாணிச் சுரத்தில் இறங்கினால் கேரளம் என்பதால் எங்களுக்கு மலையாளச் சேனல் பழக்கம். நாள் முழுக்க நேரலை. கம்பெனியை எதிர்த்த அதே வேகத்தில் தங்களுக்காகப் பேசுவதாகச் சொல்லிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையும், அதாவது ஆண்களை, கிட்டே வரவேண்டாம் என்று விரட்டினார்கள். வீட்டு ஆண்களையும் முன்வரிசைக்கு விடவில்லை. மந்திரிகள் வந்து பேச வேண்டியதாயிற்று. 20 சதவீதம் கிடைத்தது. அன்றைக்கு 232 ரூபாயாக இருந்த நாள்கூலி பிறகு 301 ஆனது. பின்னால் அவர்களுக்குள் பிரிவு வந்தது உண்மை. ஆனால் அந்த ஒன்பது நாளும் கேமராவை நேராகப் பார்த்துத் தமிழில் கணக்குக் கேட்ட அந்த முகங்களை எங்கள் லைனில் சீரியலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஆண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சீரியல்கள் அவர்களுக்கும் நியாயம் செய்வதில்லை. கத்துகிறவன், கத்துகிறவன் பின்னால் நிற்கிறவன், கடைசியில் திருந்துகிறவன். இதற்கு வெளியே ஆண் இல்லை. இங்கே தேவாலா மழையில் மனைவி ஏழரைக்கு மலைக்குப் போனபிறகு பிள்ளையைப் பிள்ளைக்காம்பரா என்கிற காப்பகத்தில் விட்டுவிட்டு, சோறு வடித்து, அவளுடைய ஈரத்துணியைத் துவைத்துப் போடுகிற ஆண்கள் இருக்கிறார்கள். டான்டீயில் ஆட்கள் குறைந்து, தோட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வனத்துறைக்கே திரும்பிப் போய்க்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில் நிலையான கூலி பல வீட்டில் பெண்ணுடையதுதான். ஆண் வேலை தேடிக் கோயம்புத்தூர், திருப்பூர், கோழிக்கோடு என்று போகிறான், அல்லது வீட்டைப் பார்த்துக்கொள்கிறான். அப்படி வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஒரு மாமாவை எனக்கு நன்றாகத் தெரியும். குழாயடியில் துணி வாளியோடு நிற்பார். வேறு ஆண்கள் அந்தப் பக்கம் வந்தால் வாளியைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். அவர்கள் போனதும் மறுபடி குனிவார். வேலைக்கு அவர் வெட்கப்படவில்லை, பார்க்கிற கண்ணுக்குப் பயப்படுகிறார். அந்தக் கண்ணைத் தயார் செய்ததில் தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு ஓடியதற்கும் பங்கு உண்டு. குணசேகரனைக் கெட்டவன் என்று காட்டினால் மட்டும் போதாது. ஆம்பளை என்றால் இப்படித்தான் இருப்பான் என்ற அச்சு, கெட்டவன் வழியாகவும் மனசில் பதியும். ஊரில் எத்தனை பையன்கள் அந்த “இந்தாம்மா”வைத் தங்கச்சியிடம் சொல்லிப் பார்த்தார்கள் என்பதை நான் கண்ணால் கண்டேன்.

எனவே சீரியல் எழுதுகிறவர்களிடம், குறிப்பாகத் திருச்செல்வம் அவர்களிடம், எனக்கு ஒரு வேண்டுகோள். அபியை எழுதியவர் நீங்கள். அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து எங்கள் லைன் வீடுகளுக்குள் கொண்டுவந்தவர் நீங்கள். அடுத்த கதையை ஒரு வேலைத்தளத்தில் வையுங்கள், அங்கேயே இருங்கள், கூடத்துச் சோபாவுக்குத் திரும்பாதீர்கள். தேயிலைத் தோட்டமாக இருக்கட்டும், திருப்பூர் பனியன் கம்பெனியாக இருக்கட்டும், தாலுகா ஆபீஸாக இருக்கட்டும். தராசைக் காட்டுங்கள், சம்பளச் சீட்டைக் காட்டுங்கள். 50 பெண்கள் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இலேயே சொன்னது. அந்தக் காப்பகத்தின் கூரை ஒழுகுவதைக் காட்டுங்கள். பத்துப் பேர் வேலை செய்தாலே பாலியல் தொல்லைக்கு உள்ளகப் புகார்க் குழு வைக்க வேண்டும் என்ற சட்டம் 2013இல் வந்துவிட்டது. அந்தக் குழுவுக்கு முன்னால் ஒரு மேஸ்திரி வந்து நிற்கும் பகுதியை எழுதுங்கள். தன் கீழே வேலை செய்கிற பெண் தன்னைவிடக் கெட்டிக்காரி என்று தெரிந்தும் நிம்மதியாகத் தூங்குகிற ஓர் ஆணை எழுதுங்கள். அவனை நண்பனாக ஒதுக்கிவைக்காமல் கணவனாகவே எழுதுங்கள், வாளியோடு குழாயடியில் நிற்கவையுங்கள், யார் வந்தாலும் அவன் வாளியைப் பின்னுக்குத் தள்ளாமல் இருக்கட்டும். நாங்கள் பார்ப்போம்.